குறுக்கே பேசியது எத்தனை முறை

அந்தத் தெருவில் முடிவெட்டும் கடை ஒன்றே ஒன்றுதான். அதனால் கடைக்குப் பெயர்ப் பலகை தேவைப்படவில்லை. கடைக்காரருக்கும் பெயர் தேவைப்படவில்லை. எல்லோரும் அவரை ரேடியோ என்றே கூப்பிட்டார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு, கடை அடைக்க ஷட்டரை இறக்கும்போதுதான் நிற்கும். நிஜ ரேடியோவிலாவது நடுவில் பாட்டுப் போடுவார்கள்.

கை தங்கமான கை, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தலையைத் தொட்டுப் பார்த்தே எந்தப் பக்கம் சுழி, எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிற ஆள் என்று சொல்லிவிடுவார். வாய்தான் கதையே. பதினாறு வயதில் அவர் வேலைக்குச் சேர்ந்த கடையின் முதலாளி ஒரு உம்மணாமூஞ்சி. கடையில் கத்திரிச் சத்தம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்பது அந்த மனிதரின் சட்டம். பதினோரு வருடம் ரேடியோ வாயைத் திறக்கவில்லை. சொந்தக் கடை போட்ட அன்று மடை திறந்தது. இன்றுவரை மூடவில்லை.

வாடிக்கையாளர்கள் யாரும் இதற்குக் குறைபட்டதில்லை. முகத்தில் நுரையைப் பூசி, தொண்டையில் சவரக்கத்தியை வைத்திருக்கிற ஆள் ஒன்றைச் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? வீட்டில் அவர் மனைவியும் மறுத்துப் பேசுவதில்லை. ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வருகிறவர், செருப்பைக் கழற்றும்போதே, "என் முறை வந்தா சொல்லுங்க" என்பார். பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த முறை இன்னும் வரவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. அந்த வருடம் வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சர், வந்த முதல் வாரமே ஆளுக்கொரு வீட்டுப் பயிற்சி நோட்டுப் போடச் சொன்னார். தினமும் மாலையில் இருபது நிமிடம், பாடப் புத்தகத்திலிருந்து வீட்டில் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். நோட்டில் நான்கு கட்டங்கள்: தேதி, பக்கம், நேரம், கேட்டவர் கையெழுத்து.

அம்மா வர எட்டாகும் என்பதால் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்துவிடுவாள். வாசலோரம் அவளுக்கென்று ஒரு முக்காலி உண்டு. ஐந்து மணி ஆனதும் புத்தகத்தை மடியில் விரிப்பாள்.

"உலகத்திலேயே மிகப் பெரிய உயிரினம் நீலத் திமிங்கலம்" என்று படிப்பாள்.

"திமிங்கலத்துக்குத் தலைமுடி கிடையாதுண்ணே, தெரியுமா? இருந்திருந்தா வெட்டறதுக்கு ஏணி வாங்கணும்" என்பார் ரேடியோ, நாற்காலியில் இருப்பவரிடம்.

மகள் விரலை முற்றுப்புள்ளியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவர் திமிங்கலத்தை முடித்ததும் அடுத்த வாக்கியத்துக்குப் போவாள். உடனே அதற்கும் அவரிடம் ஒன்று இருக்கும். "நகமும் முடியும் நாம் தூங்கும்போதும் வளர்கின்றன" என்று அவள் படித்தால் போதும், அது அவர் சொந்த ஊர்.

"வளரும், வளரும். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர். அதுக்கு மேல வளர்ந்தா என்னைக் கேளு. சாண் சாணா வளர்ந்திருந்தா நான் இந்நேரம் கார் வாங்கியிருப்பேன்."

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி, ஐந்தாம் வகுப்புப் புத்தகம் முழுக்க அவருக்குத் தீனி கிடைத்தது. இருபது நிமிடத்தில் முக்கால் பக்கம்தான் ஓடும். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, வால் நீண்ட ஒரு கையெழுத்தைப் போடுவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. தெருவிலேயே பிள்ளை படிப்பதை உட்கார்ந்து கேட்கிற ஒரே தகப்பன் தான்தான் என்று அவருக்கு நினைப்பு. உட்காரவும் இல்லை, கேட்கவும் இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் மாதம், நோட்டில் டீச்சரின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. கேட்பவர் நேரில் வந்து பார்க்கவும்.

"பாராட்டத்தான் கூப்பிடறாங்க" என்றார் ரேடியோ. எதிர்க் கடையில் பூட்டுச் சாவி செய்கிறவரிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார், அன்று முடிவெட்டிக்கொண்ட ஒன்பது பேரிடமும் சொன்னார். மறுநாள் கடையை அரை மணி நேரம் பூட்டிவிட்டு, தலையில் தண்ணீர் தெளித்து வாரிக்கொண்டு போனார்.

டீச்சர் சின்ன உருவம். ஜாக்கெட் கையில் சாக்பீஸ் தூள். குரலை உயர்த்தாமலே நாற்பது பிள்ளைகளை உட்காரவைக்கிறவர். மகள் மட்டும் உட்கார்ந்திருந்த வகுப்பில் ஒரு பெஞ்சைக் காட்டினார். ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க ரேடியோ உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணு வாசிக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு" என்றார் டீச்சர். "எழுத்தெல்லாம் தெரியுது, வார்த்தையெல்லாம் தெரியுது. ஆனா ஒரு வாக்கியம் படிச்சதும் நின்னுடறா. அப்படியே நிக்கறா. அடுத்தது தெரியாமத்தான் முழிக்கறாளோன்னு பாத்தா, அதுவும் இல்ல."

"என் பொண்ணா? டீச்சர், அவ வீட்டுல தண்ணி மாதிரி படிக்கறா. நான் தினமும் கேக்கறேனே."

"படி" என்றார் டீச்சர், மகளிடம்.

மகள் எழுந்து நின்று ஒரு வாக்கியம் படித்தாள். "மழைநீர் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீராகச் சேர்கிறது." விரலை முற்றுப்புள்ளியில் வைத்து நிறுத்தினாள்.

"அதான் டீச்சர், எங்க கடை வாசல்லயும் ஒரு குழி இருக்கு, மழை பெஞ்சா இறங்கவே மாட்டேங்குது" என்றார் ரேடியோ.

அவர் வாய் மூடிய மறுகணம் மகள் அடுத்த வாக்கியத்தைக் கடகடவென்று படித்தாள். நிறுத்தினாள். ரேடியோ குழியைப் பற்றிய மீதியைச் சொன்னார். அவள் அதற்கடுத்த வாக்கியத்தைப் படித்தாள். இரண்டு பேர் ஒரே பாட்டைப் பங்கு போட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது. டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை மெதுவாக மேசையில் வைத்தார்.

"நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க."

ரேடியோ வராந்தாவுக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மகளின் வாய் அசைந்தது. பிறகு நின்றது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இவ்வளவு நேரம் காத்திருக்க முடியுமா என்று ரேடியோவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஏன் நிக்கற?" என்று டீச்சர் கேட்டது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"அப்பா பேசி முடிக்கட்டும்னுதான் டீச்சர்."

"அப்பா இங்க இல்லையே."

மகள் கொஞ்சம் யோசித்தாள். "பழக்கம்" என்றாள்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ரேடியோ வராந்தாவில் நின்றார். கத்தவும் முடியாது, கத்தாமலும் இருக்க முடியாது. டீச்சர் உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மூன்று வாரத்தில் பெற்றோர் முன்னால் வாசிப்பு. புதிதாக ஒரு பக்கம், தடங்கல் இல்லாமல் படிக்க வேண்டும். முடியாத பிள்ளைகள் அடுத்த பருவம் முழுக்க வாசிப்பு நேரத்தில் நாலாம் வகுப்பில் போய் உட்கார்ந்து பயிற்சி எடுக்க வேண்டும். "தண்டனை எல்லாம் இல்ல, கூடுதல் பயிற்சி, அவ்வளவுதான்" என்றார் டீச்சர். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நாலாம் வகுப்பில் இருந்ததெல்லாம், போன வருடம் அவளிடம் பென்சில் சீவித் தரச் சொல்லி வரிசையில் நின்ற பொடியன்கள். அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காருவதைவிடப் பெரிய தண்டனை பத்து வயதில் எது?

டீச்சர் அடிஸ்கேலை எடுத்து, வீட்டுப் பயிற்சி நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டார். அதன் தலையில் எழுதினார்: கேட்டவர் குறுக்கே பேசியது எத்தனை முறை.

"இதை யாரு எழுதறது?" என்றார் ரேடியோ.

"உங்க பொண்ணு."

"அப்ப எனக்கும் சேத்து வீட்டுப் பயிற்சியா டீச்சர்?"

"உங்களுக்கு மட்டும்தான். அவ நல்லாத்தான் படிக்கறா."

நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்திருப்போம். இங்கே கெட்டது நுணலின் பிள்ளை. திரும்பி வரும் வழியெல்லாம் ரேடியோ அதையே நினைத்தார். அதையும் வாய்விட்டே நினைத்தார்.

அன்று மாலை மகள் ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் பென்சிலுமாக உட்கார்ந்தாள். அவர் பேசும்போதெல்லாம் ஒரு கோடு போட்டாள். இருபது நிமிடம் முடிந்ததும் எண்ணினாள்.

"நாப்பத்தொண்ணு."

"நூத்துக்கா?"

"அப்பா."

"பத்து தடவைதான் பேசியிருப்பேன் கண்ணு. சரியா எண்ணு."

"நீங்க பேச ஆரம்பிச்சதைத்தான் எண்ணினேன். பேசின நேரத்தைப் போட்டா நோட்டு பத்தாது."

அவளுக்கும் அந்த வாயில் பாதி வந்திருந்தது. அன்று அது ரேடியோவுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் முப்பத்தெட்டு. மூன்றாம் நாள் அவர் சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார். சீப்போடு பேசினாலும் பேச்சுதான் என்று மகள் கோடு போட்டாள். நான்காம் நாள் பேசவே இல்லை, கண்ணாடியில் நாற்காலிக்காரரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நாற்காலிக்காரர் "ஆமாமா, நீங்க சொல்றது சரிதான்" என்றார். மகள் அதற்கும் கோடு போட்டாள். அவர் நோட்டை எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "முப்பத்தொண்ணைத் திருப்பிப் பதிமூணுன்னு போட்டுக்கலாமே கண்ணு" என்று பேரம் பேசினார்.

"அப்ப டீச்சர்கிட்டே நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள் மகள். அத்தோடு பேரம் முடிந்தது.

கடைக்கு வருகிறவர்கள் நிலைமைதான் பரிதாபம். ஐந்து மணிக்கு உள்ளே வந்த ஒருவர், ரேடியோ வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஏதோ துக்க வீட்டுக்கு வந்துவிட்டோம் போல என்று நினைத்து, செருப்பைக்கூடப் போடாமல் படி இறங்கிவிட்டார். இன்னொருவர் தனியாகக் கூப்பிட்டு, தொண்டையில் கட்டி ஏதாவதா, நல்ல டாக்டர் தெரியும் என்றார்.

எதிர்க் கடைப் பூட்டுக்காரருக்கோ கொண்டாட்டம். அறுபது வயதிலும் கறுகறுவென்று அலையலையாக முடி வைத்திருக்கிற மனிதர். நாளுக்கு நாலு முறை கடைக் கண்ணாடியில் வந்து தலையைப் பார்த்துக்கொள்வார் என்று ரேடியோ சொல்வதுண்டு. அவர் இப்போது சரியாக ஐந்து மணிக்கு வந்து காத்திருக்கும் பெஞ்சில் உட்காரத் தொடங்கினார்.

"என்ன ரேடியோ, பேட்டரி போச்சா?"

ரேடியோ சீப்பைத் தண்ணீரில் நனைத்தார்.

"எத்தனையோ பூட்டுக்குச் சாவி போட்டிருக்கேன். இந்த வாய்க்குப் பூட்டுப் போட்டது யாருன்னு தெரியலையே."

ரேடியோவின் கழுத்து நரம்பு மட்டும் துடித்தது.

"சவரம் பண்ணப் பண்ண தாடி அடர்த்தியாத்தான் வளருமாமே. நேத்து டிவியில ஒரு டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர் சொன்னான்? அவன் படிச்ச காலேஜைக் காட்டச் சொல்லுங்க" என்று ரேடியோ வெடித்தார். அவர் அடங்குவதற்குள் மகள் ஒன்பது கோடு போட்டாள்.

இருந்தாலும் எண்ணிக்கை இறங்கத்தான் செய்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், ஆனால் பெற்ற பிள்ளை நாலாம் வகுப்புப் பெஞ்சில் உட்காருவதை நினைத்துப் பார்த்தால் எந்த வாயும் கொஞ்சம் அடங்கும். பத்தொன்பது. பதினொன்று. ஆறு. இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு நாள், இரண்டு. அன்று வழக்கத்தைவிட நீளமான வாலோடு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்து, "இப்ப எப்படி?" என்றார்.

மகள் அழுதுகொண்டிருந்தாள். "நான் இன்னும் நிக்கறேன்பா."

உண்மைதான். அவர் பேசவில்லை, ஆனால் அவள் ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நின்றாள். முன்பு அந்த இடைவெளியில் அவர் இருந்தார். இப்போது அங்கே ஒன்றும் இல்லை, அவள் அந்த ஒன்றுமில்லாததை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க சும்மா நின்னா எனக்கு எப்பத் தொடங்கறதுன்னே தெரியல. படிக்கவும் பிடிக்கல" என்றாள்.

இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் பேசிய பேச்சை ஒருத்தி நிஜமாகவே காத்திருந்து கேட்டிருக்கிறாள் என்பது சந்தோஷமா துக்கமா என்று ரேடியோவுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். கையில் கத்திரி இருந்தது. அது பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

முடிவெட்டுகிறவர்கள் கையைக் கவனித்தால் தெரியும். கத்திரி முடியை வெட்டுவதோடு நிற்காது. ஒரு கொத்தை வெட்டி முடித்து, அடுத்த கொத்தைச் சீப்பால் எடுக்கிற நேரத்திலும், வெறும் காற்றில் சக் சக் என்று வெட்டிக்கொண்டே இருக்கும். தாளம் விட்டால் கை தடுமாறும் என்பது தொழில் பாடம். பதினோரு வருடம் அந்த உம்மணாமூஞ்சி முதலாளியிடம் ரேடியோ கேட்டது அந்தச் சத்தத்தை மட்டும்தான்.

"கண்ணு, இதைக் கேளு" என்றார். "முடி இருந்தாலும் வெட்டுது, இல்லாட்டியும் வெட்டுது. நிக்கறதில்ல பாரு. புள்ளி வந்தா காத்துல ஒரு வெட்டு, அடுத்த வரியில இறங்கு. கத்திரி நிக்கற வரைக்கும் நீயும் நிக்காதே. நானும் பேசல."

அந்த நேரம் பார்த்து நாற்காலியில் இருந்தது பூட்டுக்காரர். லேசாக ஓரம் திருத்திக்கொள்ள உட்கார்ந்தவர். மகள் புத்தகத்தை எடுத்தாள். கத்திரி சக் சக் என்றது. முதல் வாக்கியம் முடிந்தது, காற்றில் ஒரு வெட்டு, அவள் இரண்டாவதில் இறங்கினாள். தடுமாறினாள், ஆனால் நிற்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. ரேடியோவுக்கு உடம்பு சிலிர்த்தது. கத்திரி நின்றால் அவளும் நிற்பாள் என்று அவர் கத்திரியை நிறுத்தவே இல்லை. பாடமோ பெரிய பாடம். காற்றில் வெட்டுகிறோமா தலையில் வெட்டுகிறோமா என்று பார்க்க அவர் கண் அங்கே இல்லை, மகளின் வாயில் இருந்தது.

பாடம் முடிந்தபோது பூட்டுக்காரர் கண்ணாடியைப் பார்த்தார். அலையும் இல்லை, கறுப்பும் இல்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தால் முதல் ஆளாக எடுத்துக்கொள்வார்கள், அப்படி ஒரு தலை.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கே?"

ரேடியோ உதட்டைக் கடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார். மகள் நோட்டில் கோடே இல்லாத கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டாள். பூட்டுக்காரர் ஒரு மாதம் தொப்பி போட்டுக்கொண்டு பூட்டுத் திறந்தார். மாலை ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் வருவதையும் விட்டுவிட்டார்.

வாசிப்பு நாள் வந்தது. வகுப்பின் பின்பக்கம் பெற்றோர்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் தலை ரேடியோ வெட்டிய தலை. அவர் மனைவி அரை நாள் விடுப்புப் போட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரேடியோ சட்டைப் பையில் சீப்பு. அவசரத்துக்குக் கடித்துக்கொள்ள.

டீச்சர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். தன் கையாலேயே எழுதிய பக்கங்கள், இதுவரை யாரும் படிக்காதவை. முதலில் கூப்பிட்டது மகளைத்தான். அவள் தாளைப் பார்த்தாள், ஒரு கணம் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் முகத்தில் ஒன்றும் இல்லை.

"தலைமுடி" என்று மகள் தலைப்பைப் படித்தாள்.

பின்பெஞ்சில் நாலைந்து தலைகள் ரேடியோ பக்கம் திரும்பின. அவர் சீப்பை எடுத்துப் பல்லில் வைத்துக்கொண்டார்.

"நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, உதிர்ந்து, அதே இடத்தில் புதிதாக முளைக்கிறது." அவள் நிற்கவில்லை. பாவாடை மடிப்பை ஒட்டியிருந்த இடது கையின் இரண்டு விரல்கள் மட்டும் கத்திரி மாதிரி விரிந்து மூடி, விரிந்து மூடி, சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டிருந்தன. ரேடியோ அதைப் பார்த்தார். கண்ணில் நீர் கட்டியது. "முடிக்கு உணர்ச்சி இல்லை. அதனால்தான் வெட்டும்போது வலிப்பதில்லை. தலைமுடி ஒரு மாதத்தில் ஒரு சாண் நீளம் வளர்கிறது."

ஒரு சாண்.

ரேடியோவின் முதுகு நிமிர்ந்தது. முப்பது பெற்றோருக்கு நடுவில், அவர் காது கேட்க, அவர் பெற்ற பெண்ணின் வாயிலிருந்து, முடியைப் பற்றி இப்படி ஒரு அண்டப்புளுகு. இருபத்திரண்டு வருடத் தொழிலில் இதைவிடப் பெரிய பொய்யை அவர் கேட்டதில்லை. பக்கத்து பெஞ்சுக்காரர் "அப்படியா?" என்கிற மாதிரி இவரைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். "சென்டிமீட்டர்" என்று ஒரே வார்த்தை. ஆனால் அந்த வார்த்தை வெளியே வந்தால் அவள் விரல் நின்றுவிடும், அவள் திரும்பிப் பார்ப்பாள், அப்புறம் நாலாம் வகுப்பு. மனைவி அவர் முழங்காலை அழுத்திப் பிடித்தார். ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். சீப்பின் ஒரு பல் டக்கென்று முறிந்தது.

வகுப்பு முழுக்கக் கேட்டது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். மகள் மட்டும் பார்க்கவில்லை. விரல்கள் வெட்டிக்கொண்டே இருந்தன. மீதி ஐந்து வரிகளையும் ஒரே வேகத்தில் படித்து முடித்து, தாளை மடக்கினாள்.

பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், அஞ்சாவது வரி தப்பு. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். சாண் சாணா வளர்ந்திருந்தா எங்கப்பா இந்நேரம் கார் வாங்கியிருப்பாரு."

வகுப்பு சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. டீச்சர் பெற்றோர் பக்கம் திரும்பினார். "எல்லாத் தாள்லயும் ஒரு வரி தப்பா எழுதியிருக்கேன். பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டேன், உங்களுக்குச் சொல்லல. நிக்காமப் படிக்கணும், முடிச்ச பிறகு தப்பைச் சொல்லணும். வாயால மட்டும் படிக்கறாங்களா, புரிஞ்சு படிக்கறாங்களான்னு தெரியணும்ல." மகளிடம் கேட்டார். "சென்டிமீட்டர்னு எந்தப் பாடத்துல படிச்சே?"

"பாடத்துல இல்ல டீச்சர். குறுக்கே பேசினவர் சொன்னது."

டீச்சர் முதல்முறையாகச் சிரித்தார். "நீ நாலாம் வகுப்புக்கு எங்கயும் போக வேண்டாம். போய் உக்காரு." பிறகு பின்பெஞ்சைப் பார்த்து, "இப்ப நீங்க பேசலாம்" என்றார்.

முப்பது பேரும் திரும்பினார்கள். ரேடியோ எழுந்து நின்று சீப்பை வாயிலிருந்து எடுத்தார். முறிந்த பல் இன்னும் நாக்கில் இருந்தது. அவர் மனைவி இது எத்தனை மணிக்கு முடியுமோ என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எம் பொண்ணு சொன்னதுதாங்க" என்றார் ரேடியோ. உட்கார்ந்துவிட்டார்.

"என் முறை வந்திடுச்சு போலிருக்கே" என்றார் மனைவி, காதோரமாக.

அன்று மாலை நோட்டின் ஐந்தாவது கட்டத்தில் மகள் இரண்டு வரி எழுதினாள். பேச்சு: 0. சீப்பு: 1. ரேடியோ அதன் பக்கத்தில் வால் நீண்ட கையெழுத்தைப் போட்டார்.

வாசிப்பு நாள் கதையை அவர் ஒரு வாரம் சொன்னார். மாலை ஐந்து மணி இருபதுக்கு மேல் பேச அவருக்கு உரிமை திரும்பியிருந்தது. ஆனால் முக்காலியில் உட்கார்ந்திருந்த மகள் இப்போது வேறு ஆள். "வகுப்புல ஒரு நூறு பேரு இருந்திருப்பாங்கண்ணே" என்று அவர் நிறுத்தினால், "முப்பது" என்பாள். "சீப்பு ரெண்டாவே உடைஞ்சுபோச்சு" என்றால், "ஒரு பல்லு" என்பாள். அவர் ஒரு வாக்கியம் சொல்வார், அவள் ஒரு திருத்தம் சொல்வாள், அவர் அடுத்ததற்குப் போவார். கேட்கிறவர்களுக்கு முன்பைவிட இப்போதுதான் நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை நேரம். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பூட்டுக்காரர் கோபமெல்லாம் தணிந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முளைத்த வரைக்கும் ஓரம் திருத்த உட்கார்ந்திருந்தார். ஒரு நூல் அளவுக்கு மேல் வெட்டக் கூடாது என்று முதலிலேயே சத்தியம் வாங்கியிருந்தார்.

"மழை நாள்ல முடி சீக்கிரம் காயாதுண்ணே" என்றார் ரேடியோ. நிறுத்தினார்.

கத்திரி காற்றில் சக் சக் என்றது. பூட்டுக்காரர் காத்திருந்தார். அடுத்த வாக்கியம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால், ரேடியோ வாசலோரம் இருந்த காலி முக்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்பா, பாதியில நின்னுட்டே?"

ரேடியோ கொஞ்சம் யோசித்தார்.

"பழக்கம்ணே" என்றார்.